கதிரை அளக்கும் கருவி

அம்மாவுக்கு எலெக்ட்ரோனிக்ஸ் பிடிக்கும். வளாகத்தில் நான் அதைப் படித்தால் வீட்டு ரீவியையாவது திருத்தலாம் என்பது அவரின் கணக்கு. நான் எடுத்த பிரயோக பௌதிகவியலில், கதிர்வீச்சோடு வேலைசெய்யும் கதிர்ச் சமதானி நுட்பங்களும் ஒரு பாடம் என்று தெரிந்ததும்தான் முகம் மாறியது. சின்னம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது ‘கரண்ட்’ பிடித்தார்கள். கதிர்ச் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. முடி கொட்டி, சாப்பாடு இறங்காமல் சின்னம்மா போய்விட்டார். கொன்றது நோய்தான் என்று அம்மா ஒருநாளும் நம்பவில்லை.

“அந்தப் பாடத்தை விடு. இல்லாட்டி படிப்பையே விட்டிட்டு வீட்டில இரு,” என்றார்.

அம்மா சொன்னால் சொன்னதுதான். ஆனால் நானும் அவர் பெற்ற பிள்ளை. வளாகத்தில் கண்காட்சி வந்ததும், பாலையூற்று வீட்டிலிருந்து அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் என் மேசைக்கு முன்னால் இருத்தினேன். வேடிக்கை பார்ப்பதென்றால் அவர் எங்கேயும் வருவார்.

எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே படித்த வாய். தமிழில் விளக்கவேண்டும் என்றதும் தடுமாறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்தக் கருவி கதிரை அளக்கும்,” என்றேன்.

அம்மா எழும்பி, தான் இருந்த கதிரையை என் பக்கம் தள்ளினார்.

“இந்தா, அள. கதிரை செய்யிற ஓடாவியே இதை அளப்பாரே. இதுக்கோ இவ்வளவு படிப்பு?”

எங்களுக்குக் கதிரை என்றால் நாற்காலி. கதிருக்கு ‘ஐ’ போட்டாலும் அதுவே வந்து நிற்கும் என்று எந்தப் புத்தகமும் என்னை எச்சரிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்க, கருவியை வெறும் மேசைக்குக் காட்டினேன். டிக், டிக் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம். மேசையோரம் வைத்திருந்த, புல்மோட்டைக் கடற்கரைக் கருமணல் போத்தலுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் படபடவென்று பொரிந்தது.

“மணலிலயுமோ?”

“எல்லாத்திலயும் கொஞ்சம் இருக்கு அம்மா. கண்டபாட்டுக்குப் பட்டால் கெடுதல். அளந்து குடுத்தால் மருந்து.”

அம்மா கருவியை வாங்கித் தன் கையாலேயே போத்தலுக்குக் கிட்டக் கொண்டுபோனார். விலக்கினார். திரும்பவும் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“சின்னம்மாக்குப் பிடிச்சதையும் அளந்துதான் பிடிச்சவையோ?”

“ஓம் அம்மா. அதுக்கெண்டே படிச்ச ஆக்கள் இருக்கினம்.”

என்னைத் தூக்கி வளர்த்தவர் சின்னம்மா. அம்மா கருவியை என் கையில் திருப்பி வைத்தார்.

“அப்ப, நல்லா அளக்கப் பழகு.”