தவிடு தூவாத பிள்ளை

என் முதல் குழந்தையைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சிவப்பாக, சுருங்கிப்போய், யார் வீட்டுக் குழந்தையோ மாதிரி இருந்தது. கீழச்சிவல்பட்டி மாமியார் வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தேன். பெற்ற பிள்ளைமேல் பாசம் வராதவன் என்ன மனுஷன்?

எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடிப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். கன்று மடியை முட்டும்போது மாட்டின் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வரும், பாலை இறக்குவது அதுதான் என்று எங்கள் டாக்டர் சொல்வார். பாசத்தையும் அதுதான் ஊறவைக்கும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். பின்னாளில் படித்தபோது அது பெரிய தப்பில்லை என்று தெரிந்தது. ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில், எனக்கு அந்தச் சரக்கே இல்லை என்று முடிவுகட்டி, மண்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

அந்த வாரமே மானகிரியில் முதல் ஈற்றுப் பசு ஒன்று கன்றை அண்டவிடாமல் உதைக்கிறது என்று கூப்பிட்டார்கள். பால் இறங்க ஊசியோடு போனேன்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. அவளுக்கு இன்னும் பழக்கமாகல" என்றார் வீட்டுக்கார அம்மா. கன்றின் முதுகில் தவிடும் உப்பும் தூவி, பசுவின் முகத்தருகே தள்ளினார். பசு தவிட்டைத்தான் நக்கியது. தவிடு தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு கன்று மடியை முட்ட, நகராமல் நின்று பால் கொடுத்தது. ஊசி பையிலேயே திரும்பியது.

சனிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனபோது, தவிட்டுக் கதை உட்பட மனைவியிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். அழுவாள் என்று பயந்தேன். சிரித்தாள்.

"எனக்கு மட்டும் பாத்த ஒடனே வந்துருச்சாக்கும்? மொத நாளு தூங்க விட்டாப் போதும்னு இருந்துச்சு. பால் குடுக்கக் குடுக்கத்தான் ஒட்டுச்சு. சட்டையக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"தவிடெல்லாம் வேணாம். பிள்ளையச் சும்மா நெஞ்சுல போட்டுக்கிருங்க."

போட்டுக்கொண்டேன். வெதுவெதுப்பு, பால் வாசனை, அவ்வளவுதான். அடுத்த சனியும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம், புதன்கிழமை வேலை முடிந்ததும், எப்படி வந்தேன் என்றே தெரியாமல் மாமியார் வீட்டு வாசலில் நின்றேன்.

"என்ன மாப்பிள்ளை, புதன்கிழமை வந்து நிக்கிறீக? ஊர்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று மாமியார் பதறினார்.

நேரே உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி அதன் உச்சந்தலையை மோந்தேன்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் மனைவி. "இவுகளுக்கும் பழக்கமாயிருச்சு."