மூழ்க மாட்டேன் என்ற பொரிப் பிள்ளையார்

1993ஆம் வருடம், புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் செம்பாக்கத்திலிருந்து பிள்ளையார் கடலுக்குக் கிளம்பினார். பத்தடி உயரம். உடம்பு முழுக்கப் பொரி. சிட்டிபாபுவின் டிராக்டரில் அவர் ஏறி உட்கார்ந்தபோது, கூட வந்த ஜனத்தைவிட அவர் மேல் ஊர்ந்த எறும்புகள் அதிகம்.

பக்கத்தில் நின்று பனைவிசிறியால் காக்கை விரட்டிக்கொண்டிருந்தவர் முனிரத்தினம். ஏரிக்கரைத் தெருவில் பொரிக்கடை வைத்திருப்பவர். தெரு விநாயகர் விழாக் குழுவுக்குப் பல வருடங்களாக அவர்தான் தலைவர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. மனிதருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஊரே கவிச்சி தொடாத புரட்டாசியில்கூட அவர் வீட்டில் குழம்பு கொதிக்கும். கேட்டால், "பெருமாளே மீனா வந்தவருதானே, கோச்சுக்க மாட்டாரு" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் பொரியில் பிள்ளையார் பிடித்ததற்குக் காரணம் செல்வமேரி.

முந்தைய வருடம் குழு வாங்கியது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார். மேலே பளபளக்கும் பெயிண்ட், உள்ளே இரும்புக் கம்பி. கோவளத்தில் கொண்டுபோய்க் கரைத்தார்கள். கரைத்தது என்று பெயர்தான். பிள்ளையார் கம்பியை நீட்டிக்கொண்டு கடலடி மண்ணில் குத்தி நின்றுவிட்டார். மறுவாரமே அதில் மாட்டி ஒரு வலை கந்தலானது. அது செல்வமேரியின் புருஷனுடைய வலை. செல்வமேரி செம்பாக்கம் தெருக்களில் கூடையில் மீன் விற்பவள். நேராகப் பொரிக்கடைக்கு வந்து, கிழிந்த வலையைப் பொரி மூட்டை மேல் போட்டாள்.

"இன்னாண்ணா, உங்க சாமிக்கு எங்க வலைதான் கெடச்சுதா? கும்புடுங்க, வேணாங்கல. கும்புட்டுட்டுக் கடல்ல ஏன் குப்பையக் கொட்றீங்கோ? பெயிண்ட்டு தண்ணியில மீனு செத்து மெதக்குது. எங்க மாதாவத் தேர்ல சுத்திட்டுத் திரும்பக் கோயில்லதான் வெக்கறோம். கடல்லயா தள்ளி வுடறோம்?"

கடையில் கூட்டம். முனிரத்தினத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்லாப்பெட்டி மேல் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"இனிமே எங்க பிள்ளையாரால எவன் வலையாவது கிழிஞ்சுதுன்னா, அன்னியோட நான் மீனு துன்றத வுட்டுட்றேன். சத்தியம்!"

செல்வமேரி வலையைச் சுருட்டினாள். "உசுர வுடறேன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். இத நம்பறேன்."

அடுத்த சதுர்த்தி நெருங்கியது. களிமண்ணில் செய்துவிடலாம் என்றான் சிட்டிபாபு.

"களிமண்ண மீனு துன்னுமா?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"மீனு எதுக்குத் துன்னணும் தலைவரே? கரைஞ்சாப் போதாதா?"

"கடலுக்குப் போறோம், வெறுங்கையோடவா போவாங்க?"

பொரிக்கடைக்காரரிடம் இதற்குமேல் பேச முடியாது. வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி உருவம் கட்டினார். மேலே வெல்லப்பாகில் பிசைந்த பொரியை அப்பினார். கம்பி இல்லை, ஆணி இல்லை, நிறத்துக்கு மஞ்சள்பொடி. பூஜை நடந்த நாட்களெல்லாம் எறும்பு வரிசை ஒன்று, பக்தர்கள் வரிசை ஒன்று என்று தெரு நிரம்பி வழிந்தது.

டிராக்டர் கேளம்பாக்கம் முனையில் டீக்காக நின்றபோது, ஒரு பசுமாடு நிதானமாக வந்து வலது காதைத் தின்றது. விரட்டப் போனால் ஒரு கிழவர் தடுத்தார். "வாயில்லா ஜீவன், துன்னட்டும் வுடுப்பா." சொல்லிவிட்டு அவரும் பிள்ளையாரின் முழங்காலில் ஒரு பிடி கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பிரசாதம் என்று நினைத்துப் பஸ்ஸுக்கு நின்றவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள். கோவளம் போவதற்குள் பிள்ளையார் தொப்பை குறைந்து, எட்டடிக்கு வந்திருந்தார்.

அலையில் இறக்கினார்கள். பொரியும் வைக்கோலும் தண்ணீரில் என்ன செய்யும் என்று, பிறந்ததிலிருந்து பொரியோடு வாழ்ந்த முனிரத்தினத்துக்கு அதுவரை தோன்றவே இல்லை. பிள்ளையார் மிதந்தார். நாற்காலியில் உட்கார்ந்தமாதிரி நிமிர்ந்து, ஒற்றைக் காதோடு, அலை மேல் ஏறி இறங்கி, தள்ளியவர்களுக்கு முன்னால் கரைக்குத் திரும்பினார். மறுபடி தள்ளினார்கள். மறுபடி வந்தார்.

"தலைவரே, கல்லக் கட்டி எறக்கிடலாமா?" என்றான் சிட்டிபாபு.

"கல்லு வலையில மாட்டும்டா பேமானி!"

கடைசியில் செல்வமேரியின் புருஷன்தான், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரோடு, கட்டுமரத்தில் கட்டி அலைக்கு அப்பால் இழுத்துப்போய் அவிழ்த்துவிட்டார். தலையில் இரண்டு கடல்காகங்களுடன் பிள்ளையார் வடக்கே, மெட்ராஸைப் பார்த்துப் போனார்.

வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்த முனிரத்தினத்துக்கு அவர் மனைவி அஞ்சம்மாள் ரசம் ஊற்றினாள்.

"மீனு எங்க?"

"உன் பிள்ளையாரு எந்த ஊரு வலையில வுழுந்தாரோ, யாரு கண்டா? தெரியற வரைக்கும் ரசம்தான்."

"கிழிஞ்சாத்தானே வுடணும்?"

"கிழியலன்னு யாரு வந்து சொன்னா? கற்பூரத்த அணைச்சவன்யா நீ."

முனிரத்தினம் ரசத்தைப் பிசைந்தார். அஞ்சம்மாள் மட்டும் செல்வமேரியிடம் சங்கரா மீன் வாங்கி, கறிவேப்பிலை தூக்கலாகப் போட்டு வறுத்து, அவர் எதிரிலேயே சாப்பிட்டாள். சத்தியம் பண்ணது நானா என்றாள்.

முனிரத்தினம் தாம்பரம் மார்க்கெட்டில் மீன்கடை மீன்கடையாக விசாரித்தார். "எங்கனா வலை கிழிஞ்சுதுன்னு கேள்விப்பட்டியா?" வலை வியாபாரி போலிருக்கிறது என்று நினைத்து ஒருவர் விலை கேட்டார். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. தெருவில் யார் வீட்டில் நெத்திலி வதங்கினாலும் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விடுவார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

இதற்குள் மீனை விட்ட மகான் என்று பெயர் பரவிவிட்டது. சேலையூரில் ஒரு சைவ உணவுச் சங்கம் அவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியது. செயலாளர் சுந்தரராமன் மைக்கை நீட்டினார்.

"மீனை எப்படி சார் விட்டீங்க? ஜீவகாருண்யம்தானே காரணம்?"

"இன்னும் வுடல சார். விசாரணை நடந்துகினு கீது. தீர்ப்பு வரணும்."

பெரிய வேதாந்தம் என்று எண்ணி எல்லோரும் கைதட்டினார்கள்.

ஈஸ்டர் கழிந்த வாரம். ஊரில் இல்லாமல் போயிருந்த செல்வமேரி, கூடையை முனிரத்தினம் வீட்டு வாசலிலேயே இறக்கினாள். மெட்ராஸுக்கும் வடக்கே, பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்ட அவள் அக்கா தபீதாள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தவள். பந்தியில் பேச்சுவாக்கில் பொரிப் பிள்ளையார் கதையைச் சொல்லப்போக, அக்கா எழுந்து நின்றுவிட்டாளாம்.

"உங்களாண்ட அப்படியே சொல்லச் சொன்னாண்ணா," என்று செல்வமேரி அக்காவின் குரலிலேயே சொன்னாள். "'அவரு இங்கதான் வந்தாரு. வெறும் வைக்கோலா வந்தாரு, பொரிய மீனு துன்னுட்ச்சு. அவரு அடியில கூட்டம் கூட்டமா மீனு. வலை ஒண்ணும் கிழியல, இழுக்கத்தான் ஆளு பத்தல. வைக்கோல மாட்டுக்குப் போட்டுட்டோம். வர்ற வருசம் ரெண்டு பேரா அனுப்புங்க, ஒத்தரு போதல.'"