பொத்தையடிக் காட்டின் இரண்டு படங்கள்

ராணுவத்தில் இருந்தபோது சில வருடங்கள் ராஜஸ்தான் பாலைவனத்தில் காவல் நின்றிருக்கிறேன். எங்கள் முகாமைச் சுற்றிக் கம்பிவேலி. வேலிக்கு வெளியே வெறும் மணல். உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல். யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் விடவில்லை. ஆடும் ஒட்டகமும் உள்ளே வர முடியவில்லை, அவ்வளவுதான். பாரா நிற்கும் நேரமெல்லாம் அந்தப் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லையைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான ராயகிரிக்கு வந்ததும் இதை என் பள்ளிக்கூடத்துச் சேக்காளியிடம் சொன்னேன். அவன் குற்றாலத்தில் செடி நர்சரி வைத்திருக்கிறான். ஊருக்கு மேற்கே, பொத்தை என்று நாங்கள் சொல்லும் சின்னப் பாறைக்குன்றின் அடியில், அவன் அப்பா விட்டுப்போன புஞ்சை ஒன்று கிடந்தது. ஆடு மேய்ந்து மேய்ந்து செவல்மண் மொட்டையாகத் தெரிந்தது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் வருவது காற்று மட்டும்தான். ஐப்பசியில் பெய்கிற மழையும் மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். அவனிடம் அந்த நிலத்தைக் கேட்டேன்.

"சும்மா கெடக்க நெலந்தானலே. நீயே பாத்துக்க" என்றான்.

முள் வெட்டிச் சுற்றிலும் வேலி அடைத்தேன். ஓடுகிற தண்ணீர் நின்று போகட்டும் என்று சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினேன். அதற்குப் பிறகு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆட்டுக்காரர்களோடு தொண்டை வற்றச் சண்டை போடுவதைத் தவிர. ஊரில் எனக்கு 'முள்ளு மிலிட்டரி' என்று பட்டம் வைத்தார்கள். என் மனைவியோ, தென்னந்தோப்புக்குக் காவல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முள்ளுக்குக் காவல் இருக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

முதலில் நெருஞ்சியும் கொழிஞ்சியும் வந்தன. அடுத்தடுத்த மழைகளில் கொழுக்கட்டைப் புல் பிடித்தது. பிறகு ஆவாரை, சூரை, விராலி. எங்கிருந்தோ உடைமரத்து விதை விழுந்து முளைத்து, ஆறேழு வருடங்களில் ஆளுயரம் தாண்டிக் குடை விரித்தது. ஒரு நாள் அந்த உடையின் அடியில், புல்லுக்குள் கவுதாரி முட்டையிட்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிளையில் தொங்கிய என் நீலத் தண்ணீர்க் கேனோடு சேர்த்து அந்த மரத்தையும் புல்லையும் பின்னால் பொத்தையையும் போட்டோ எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிவப்பு இதயம் ஒன்றைப் பதிலாகப் போட்டான்.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் சென்னை போய்ச் சில வாரங்கள் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்த அன்று சாயங்காலமே பொத்தையடிக்குப் போனேன். ஜேசிபி சக்கரத்தின் தடம் பாதையிலிருந்தே தெரிந்தது. வேலி இல்லை. நான் அடுக்கிய கல்லெல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. அதன்மேல் வேரோடு பிடுங்கிய உடைமரம். புல் இருந்த இடம் முழுக்கச் செவல்மண். யாரோ வெளியாள் செய்த அநியாயம் என்றுதான் நினைத்தேன். அவனுக்குப் போன் செய்து சொல்ல வேண்டுமே, எப்படித் தாங்குவான் என்று கவலைப்பட்ட மடையன் நான்.

அடுத்த நாள் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று குற்றாலம் போனேன். செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவன், ரப்பர் குழாயைக் கீழே போடாமலே விவரம் சொன்னான். வெளியூர்க் கம்பெனி ஒன்று வறண்ட நிலத்தில் மரம் நடப் பணம் தருகிறதாம். கன்றெல்லாம் இவன் நர்சரியிலிருந்து. அவர்கள் ஆட்கள் நேரில் வந்து நிலத்தைப் பார்ப்பார்களாம்.

"வாரவங்களுக்கு மொட்டக்காடுதாம்லே வேணும். ஏற்கெனவே காடா கெடந்தா அவங்க எதுக்கு வாராங்க?"

நான் காவல் இருந்தது எத்தனை வருடம் என்று கேட்டேன்.

"நீ என்னத்தலே நட்ட? எல்லாம் தானா வந்ததுதான" என்றான்.

தானாக வரும் என்று அவனிடம் பெருமையாகச் சொன்னவனே நான்தான். நிலமும் அவனுடையது. நான் எந்த ஸ்டேஷனில் போய் என்ன எழுதிக் கொடுக்க? பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அவன் நம்பரையும், அவனோடு பேசியது, அனுப்பியது எல்லாவற்றையும் போனிலிருந்து அழித்தேன்.

ஷாமியானா போட்டு, கம்பெனி ஆட்கள் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு வர, மரம் நடு விழா நடந்தது. மகிழம், நாகலிங்கம், மகோகனி என்று குற்றாலத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த கன்றுகளை எங்கள் செவலில் நட்டார்கள். கொஞ்ச நாள் டேங்கர் வந்தது. அது நின்றதும் கன்றுகள் காய்ந்தன. சித்திரையில் அங்கே நின்றது முட்டுக்கு ஊன்றிய மூங்கில் குச்சிகள் மட்டும். இப்போது குழிக்குக் குழி சீமைக் கருவேலம் முளைத்திருக்கிறது.

இந்த வருட சீசனுக்கு மகள் குழந்தையோடு வந்திருந்தாள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் பெரிய ஃபிளெக்ஸ் போர்டு ஒன்று நின்றது. பாலை பசுமையானது என்று தலைப்பு. இடதுபக்கம் 'முன்பு': ஜேசிபி வழித்தெடுத்த செவல்மண். வலதுபக்கம் 'பின்பு': குடை விரித்த உடைமரம், இடுப்பளவு புல், பின்னால் பொத்தை. எது முந்தியது, எது பிந்தியது என்று அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

"அப்பா, கிளையில தொங்குதது நம்ம வீட்டுக் கேன்லா?" என்றாள் மகள்.

கிழித்தெறியத்தான் கிட்டே போனேன். ஆனால் என் போனில் அந்தப் படம் இல்லை, நிலத்தில் அந்தக் காடும் இல்லை. மகளைக் கூப்பிட்டு வலதுபக்கத்தை மட்டும் போட்டோ எடுக்கச் சொன்னேன். கீழே அவன் நர்சரியின் பெயர் பெரிதாக இருந்தது. அது விழாமல், கேன் மட்டும் தெளிவாக விழட்டும் என்றேன்.