மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிய வாழைத்தோல்

இதை எழுத நாலைந்து வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு நின்ற படிப்பு ஒரு காரணம். என் தப்பையும் சேர்த்து எழுத வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அவனியாபுரத்தில் எனக்கு முலாம் பூசும் பட்டறை. பூட்டு, கைப்பிடி, கதவுக் கொண்டி என்று வருவதையெல்லாம் நிக்கல் தொட்டியில் முக்கி மின்ன வைப்போம். அவற்றை அலசிய தண்ணீர் இளம்பச்சையாக வாய்க்காலுக்கு ஓடும். தினமும் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பட்டறையைத் திறப்பேன். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் யோசித்ததில்லை.

மருமகள் கல்லூரியில் வேதியியல் டீச்சர். பட்டறைக்கு முதல்முறை வந்தபோதே கேட்டுவிட்டாள்.

"மாமா, இது கம்மாய்க்குத்தான போகுது? அங்கிட்டு ஆடு மாடு குடிக்குமே?"

அதற்கு என்ன வழி என்று அவளிடமே கேட்டேன்.

வாழைத்தோலுக்கு நிக்கலைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு என்றாள். காளவாசல் ஜூஸ் கடையில் மூட்டையாக வாங்கிவந்து, கழுவி, மாடியில் காயவைத்தோம்.

"வத்தல் காயுற எடத்துல குப்பை காயுது. மாமனாரும் மருமகளும் நல்லாச் சேந்தீக!" என்று என் மனைவி கிண்டலடித்தாள். ஆனால் வெயிலில் தோலைப் புரட்டிப் போட்டதெல்லாம் அவள்தான்.

அலசிய தண்ணீரின் அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுக் குறைத்து, தோல் நிரப்பிய டிரம்களில் மெல்ல விட்டோம். பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது.

முதல் டிரம்மைக் காலி செய்த நாள் வெள்ளிக்கிழமை. வாழைத்தோல் என்றால் மாட்டுக்குத்தானே, புண்ணியமாகப் போகட்டும் என்று அதை அள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனைப் பசுவின் முன் கொட்டிவிட்டேன். மருமகள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"போடாதீங்க மாமா! தண்ணியில இருந்த விஷம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க? அம்புட்டும் அந்தத் தோலுலதான் இருக்கு!"

மாட்டின் வாயில் கையைவிட்டுப் பிடுங்கினேன். ஒரு வாரம் காலையும் மாலையும் போய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அம்மன் காப்பாற்றினாள்.

இப்போது அந்தத் தோல் மூடிபோட்ட டிரம்மில் சேர்ந்து, ஆபத்தான கழிவு எடுக்கும் வண்டியில் போகிறது. தண்ணீரில் நிக்கல் அரசு அனுமதித்த அளவுக்குள் இருப்பதாகப் பரிசோதனைத் தாள் வந்த அன்று, அதை அம்மன் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டேன். என் பட்டறைத் தண்ணீரால் இனி ஓர் உயிருக்கும் கெடுதல் இல்லை என்று தலைநிமிர்ந்து சொல்வேன். பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வந்து பார்த்துப் போகிறார்கள்.

போன மாதம் திருவாதவூரிலிருந்து வந்த உறவுக்காரர் கேட்டார். "அண்ணே, வாழைத்தோலைப் போட்டாச் சாக்கடைத் தண்ணியையும் குடிக்கலாமாம்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கதை அதற்குள் அப்படி மாறிவிட்டிருந்தது. அதனால்தான் எழுதிவிட்டேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது எதையும் விட்டுவிடாதீர்கள்: அந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை. அந்தத் தோலை எந்த மாட்டுக்கும் போடுவதில்லை.