காதால் படித்த எழுத்து

எழுத்துகளின் வடிவத்தைப் பற்றி நான் காதால்தான் படித்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊர் பேரிகைக்குப் பக்கத்தில், கம்பெனி ஓசூரில். காலையும் மாலையும் பாகலூர் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வர வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் திரையைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதனால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு இயர்போனை மட்டும் காதில் செருகிக்கொள்வேன். படம் வெளிச்சம் எதுவும் இல்லாமல் குரல் மட்டும் வரும்.

கம்பெனியில் எனக்குப் பேக்கிங் பிரிவு. பெட்டி மேல் ஒட்டும் லேபிள் கோணலாக இருக்கிறதா, எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வேலை. நாள் முழுக்க எழுத்தையே முறைத்துக்கொண்டிருந்ததில், ஒரு லேபிள் பார்த்தவுடன் புரிவதும் இன்னொன்று எரிச்சல் மூட்டுவதும் ஏன் என்று மண்டைக்குள் குடைச்சல் பிடித்துக்கொண்டது. தேடியபோது பேச்சுகள் கிடைத்தன. எழுத்தை அமைக்கும் டைப்போகிராபி பற்றியும் கிராபிக் டிசைன் பற்றியும் யார் யாரோ மேடையில் பேசியவை, இரண்டு பேர் உட்கார்ந்து அரட்டை அடித்தவை. பெரும்பாலும் இங்கிலீஷ், பாதிதான் புரியும். தமிழில் ஒருவர் பேசுவார். அவர் பேச்சோடு அவர் வீட்டு ஃபேனும் கிறீச்சிடும். எனக்கு அவரைத்தான் பிடித்தது.

மேடையில் பேசுகிறவர்கள் திடீரென்று "இதோ, இதைப் பாருங்கள்" என்பார்கள். கூட்டம் ஓவென்று சிரிக்கும். நான் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். விருந்து வீட்டு வாசலில் நின்று வாசனை பிடிக்கிற மாதிரி ஆத்திரமாக இருக்கும். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்து எனக்கு நானே படம் தேடிக்கொள்ளப் பழகினேன். எங்கள் பக்கத்துச் சாலையில் எழுத்துக்கா பஞ்சம்? ஒரே கடைப் பலகையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இடித்துக்கொண்டு நிற்கும். தமிழில் வரிக்கும் வரிக்கும் நடுவே இங்கிலீஷைவிட அதிக இடம் வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரி எழுத்தின் கால் கீழ் வரி எழுத்தின் சுழியில் முட்டும் என்று ஃபேன்காரர் சொன்ன அன்றைக்கே, பாகலூரில் ஒரு டியூஷன் சென்டர் பலகையில் அந்த முட்டலைப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண்ணின் தோளைத் தட்டிக் காட்டினேன். அவள் பலகையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தாள்.

அத்தனை பேச்சிலும் என் மனதில் ஒட்டிக்கொண்டது காலி இடத்தைப் பற்றியது. காலி இடம் வீண் இல்லையாம். ஒரு சொல்லைக் கவனிக்க வைக்க அதைப் பெரிதாக்கத்தான் வேண்டும் என்பதில்லை. சின்னதாக வைத்துச் சுற்றிலும் நிறைய இடம் விட்டால் கண் தானாகத் தேடிப் போகும். ஊரில் நான்கு பேருக்குப் போனிலேயே திருவிழா போஸ்டர், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் "இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே, இன்னும் ரெண்டு பூவப் போடு" என்றார்கள்.

இதற்கு நடுவில் அப்பா போய்விட்டார். தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தவர் அப்படியே வரப்பில் சாய்ந்துவிட்டார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், அக்காவும் நானும். அவள் ஊரைவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் ஊர்க் காலனிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் கூலிக்கு வந்தவர். அக்காவும் அவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்ததில் பழகினார்கள். இருவரும் ஓசூரில் இருக்கிறார்கள். அவள் வாசல் மிதிக்கக் கூடாது என்று சொன்னவர் என் சித்தப்பா. அப்பா தம்பி பேச்சைத் தட்டவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஓசூர்ல யாரையாச்சும் பாத்தியா?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால் மேலே ஒன்றும் கேட்க மாட்டார், கை கால் கழுவப் போய்விடுவார்.

அப்பாவை எடுத்த பிறகுதான் அக்காவுக்குச் சேதி சொன்னார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. காரியத்துக்காவது அவளை வீட்டுக்குள் கூட்டி வந்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். அது நடக்க வேண்டுமானால் பேனரில் அவள் பெயர் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்கும். போட்டோவுக்குக் கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப் பிள்ளைகள், பங்காளிகள் என்று பெயர் பெயராக வரும். காரியத்துக்கு வருகிறவர்கள் முதலில் அதை நின்று படித்துவிட்டுத்தான் நடப்பார்கள். அதில் பெயர் இருந்தால் அந்த வீட்டு ஆள். விட்டுப்போன பெயருக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

பேனரை நானே செய்கிறேன் என்றேன். சித்தப்பா பெயர்களைச் சொல்லச் சொல்லப் போனில் எழுதிக்கொண்டேன். அக்கா பெயரை அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன்.

"அவ பேரு எதுக்கும்மா இப்ப? பங்காளிங்க கூடற எடம். அவ பேரப் பாத்தா பாதிப் பேரு தண்ணி கூட குடிக்காம திரும்பிப் போயிடுவாங்க."

"அப்பாவுக்கு மூத்த மக அவ தானே சித்தப்பா?"

"நான் இல்லன்னா சொன்னேன்? எழுத வேணாம்னு தான் சொல்றேன்."

அம்மா அழுதுகொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்தபடியே, "பேரு இல்லன்னா அவ வர மாட்டா. பெத்தவன் காரியத்துக்காவது வரட்டும், விடுங்க" என்றாள். சித்தப்பா வெகுநேரம் மீசையை நீவிக்கொண்டிருந்தார். தன் அண்ணி அழுவதைப் பார்க்க அவருக்கும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். கடைசியில், "எல்லாத்துக்கும் கீழ போடு. கண்ணுல படாத மாதிரி இருக்கணும். அவ பேரு மட்டும் தான், அவன் பேரு வரக் கூடாது" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

கண்ணில் படாத மாதிரி! நான் காதால் படித்ததெல்லாம் அந்த நிமிஷத்துக்காகத்தான் என்று தோன்றியது. மற்ற பெயர்களை இரண்டு பத்தியாக நெருக்கி அடுக்கினேன். அதற்குக் கீழே நல்ல அகலத்துக்குக் காலி இடம் விட்டு, நடுவில் அக்காவின் பெயரை மெல்லிய சின்ன எழுத்தில் வைத்தேன். சித்தப்பா போனைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "எங்க இருக்குது?" என்று கேட்டார். விரலால் காட்டினேன். "ம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. பேனர் முழு அளவில் நின்றால் முதலில் அப்பா முகம், அடுத்து அக்கா பெயர், அதற்குப் பிறகுதான் சித்தப்பா. அவருக்கு அது தெரியாது.

பேரிகையில் உள்ள கடைக்குப் படத்தை அனுப்பிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"பேனர்ல உன் பேரு இருக்குது. பாத்துட்டு நேரா வீட்டுக்கு வா."

"நெஜமாவா? சித்தப்பா ஒத்துக்கினாரா?"

"ஒத்துக்கினாரு."

அவள் அழுதாள். நானும் அழுதேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நம்பினேன்.

காரியத்தன்று காலையில் வீடு நிறையச் சனம். ஐயர் வந்துவிட்டார். நான் வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"பாப்பா, பேனர்கிட்ட நிக்கிறேன்."

"பாத்தியா?"

அவள் பேனரைப் படிக்க ஆரம்பித்தாள். அம்மா பெயர், என் பெயர், சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், பங்காளிகள். ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லயே பாப்பா."

கையிலிருந்த இலையைக் கீழே போட்டேன். சித்தப்பாதான் கடைக்குப் போய் எடுக்கச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டெல்லாம் திட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

அக்கா பேனருக்கு முன்னால் கையில் மாலையோடு நின்றிருந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம், பைக் மேல் அவள் வீட்டுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பேனரைப் பார்த்தேன். அடுக்கிய பெயர்கள் முடிகிற இடத்தோடு பேனரும் முடிந்திருந்தது. நான் விட்ட காலி இடத்தையே காணோம்.

விடியற்காலையில் பேனரைச் சட்டத்தில் அடித்து நிறுத்திய பேரிகைக் கடைக்காரர் பக்கத்து டீக்கடையில்தான் இருந்தார். பதறிப்போய் எழுந்து வந்தார்.

"கீழ வெறும் எடமா இருந்துச்சும்மா. ஆணி அடிக்கத்தான் விட்டிருக்கீங்கன்னு சட்டத்துக்குப் பின்னால மடிச்சு அடிச்சிட்டேன்."

"அதுல ஒரு பேரு இருந்துச்சே அண்ணா!"

"சின்னதா ஏதோ இருந்துச்சு. எங்க கடை போன் நம்பரு அங்க தான்மா எப்பவும் வரும். அதை யாரு பாக்கப் போறான்னு மடிச்சிடுவோம்."

அவர் மேல் தப்பே இல்லை. ஃப்ளெக்ஸ் கடையில் காலி இடம் என்றால் ஆணிக்குத்தான். அதை நான் கேட்ட எந்தப் பேச்சிலும் யாரும் சொல்லவில்லை. அவர்கள் காட்டிய படங்களை மரச்சட்டத்தில் மடித்து யார் அடிக்கப் போகிறார்கள்?

அவர் பையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி நானே ஆணிகளை நெம்பினேன். அவரும் கை கொடுத்தார். மடிந்திருந்த துண்டு விடுபட்டுச் சட்டத்துக்குக் கீழே தொங்கியது. அக்கா குனிந்து தன் பெயரைப் படித்தாள். மடிப்பு விழுந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்காளி ஒருவர் போனை எடுத்து யாருக்கோ தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்.

"வா, போலாம். ஆரம்பிச்சிட்டாங்க" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம் பாப்பா. நான் வந்தா எல்லாரும் எழுந்து போவாங்க, அத அம்மா உக்காந்து பாக்கணும். பேரு இருக்குது இல்ல? நான் வந்த மாதிரி தான்."

"பேரு இருந்தா ஆளு வந்த மாதிரி ஆயிடுமா? லூசு மாதிரி பேசாத, வா!"

கத்தினேன். சாலை என்றும் பார்க்கவில்லை. அவள் என் கையை மெதுவாக விலக்கினாள். அப்பா படத்துக்குப் போட வாங்கி வந்த மாலையைப் பேனர் சட்டத்தின் மூலையில் மாட்டினாள். சாலையைக் கடந்து பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இருவரும் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வாசலுக்கே வந்து, "வந்தாளா?" என்று கேட்டார்.

"பஸ் ஸ்டாப்போட திரும்பிட்டா."

அவர் மூச்சை இழுத்து விட்டார். "சரி விடும்மா. பேரு தான் போட்டாச்சே" என்றார்.

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அக்காவையும்தான். பெயரை வைத்து அவளை உள்ளே கூட்டி வர நினைத்தேன். இருவரும் அந்தப் பெயரை வைத்தே அவள் வராததைச் சரிக்கட்டிவிட்டார்கள்.

அம்மா கூடத்து மூலையில் ஓர் இலையைத் தனியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்துவிட்டது.

"அப்ப இந்த எலை?" என்று கேட்டாள்.

சித்தப்பா வாசலில் நின்ற ஒரு பங்காளியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, அதில் உட்காரச் சொன்னார்.