கடிதத்தின் அடியில் என் எழுத்து

தி.நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். பம்ப்செட் விற்கும் ஒரு பம்பாய் கம்பெனியின் மெட்ராஸ் கிளை அது. கிளை என்றால் மானேஜர், ஒரு பியூன், டைப்பிஸ்டாக நான், அவ்வளவுதான். ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு மானேஜர் நல்லபடியாக எழுதிப் போட்டால் பம்பாயிலிருந்து பர்மனென்ட் ஆர்டர் வரும். அப்பா கண் பார்வை மங்கி வேலையை விட்டிருந்தார். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது என் சம்பளம் ஒன்றுதான். அந்த ஆர்டர் வந்தால் கற்பகாம்பாளுக்குப் புடவை சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள்.

மானேஜர் கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவருக்கு இங்கிலீஷில் 'ஹேவ்' என்ற சொல்லின் மேல் தீராத காதல். 'ஐ ஹேவ் ரிசீவ்டு யுவர் லெட்டர் எஸ்டர்டே' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக்டேஷன் கொடுப்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே ஹேவுக்கு இடமில்லை. வெறும் 'ரிசீவ்டு'தான். எப்போது என்று சொல்லாமல், நடந்ததன் பலன் இன்னும் நம் தலைமேல் இருந்தால்தான் ஹேவ். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை, பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று அர்த்தம். கான்வென்டில் இதை என் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. 'நேற்றே பார்சல் வந்திருக்கிறது' என்று தாராளமாகச் சொல்கிறோம், யாரும் சண்டைக்கு வருவதில்லை. அந்த 'வந்திருக்கிறது'தான் அவர் வாயில் ஹேவாக மாறி, நேற்றோடும் முந்தாநாளோடும் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. காரணம் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன, எரிச்சல் குறையவில்லை.

முதலில் சத்தம் போடாமல் திருத்தி அடித்துக் கொடுத்தேன். அவரும் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் சொன்ன ஹேவ் எங்கம்மா?"

"எஸ்டர்டேன்னு வந்தா ஹேவ் போடக்கூடாது சார். கிராமர் தப்பு."

"வெறும் ரிசீவ்டுன்னா மொட்டையா இருக்கும்மா. படிக்கிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? 'வா'ன்னு சொல்றதுக்கும் 'வாங்க'ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

ஹேவுக்கும் மரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் எடுத்த ஹேவையெல்லாம் பென்சிலால் திரும்ப எழுதி அனுப்புவார். ஒரு சொல் நடுவில் நுழைந்தால் வரி தள்ளும், வரி தள்ளினால் பக்கம் முழுவதும் கெடும். கார்பன் வைத்து, நகல்களை அடுக்கி, முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

திருவல்லிக்கேணியிலிருந்து வரும் எங்கள் பியூனால், தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். அவர் வாசற்படியில் நின்றுகொண்டு கேட்பார்: "இன்னாம்மா, அதே லெட்டர அடிச்சிக்கினே கீற? அந்தாளு சொல்றத ஒரே தபா அடிச்சுப் போட்டுட்டா அல்லாரும் வூட்டுக்குப் போலாமில்ல?"

வீட்டில் அம்மாவும் அதையேதான் சொன்னாள். "பல்லைக் கடிச்சுண்டு இருடி. பர்மனென்ட் ஆகட்டும். அப்பறம் எந்த ஹேவை வேணுமானாலும் எடுத்துக்கோ."

சரி என்று திருத்துவதை விட்டேன். அவர் சொன்னதைச் சொன்னபடி அடித்தேன். அங்கேதான் வினை வந்தது.

அந்தக் காலத்து ஆபீஸ் கடிதங்களில் இடதுபக்க அடியில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும். கடிதத்தைச் சொன்னவரின் இனிஷியல், ஒரு சாய்கோடு, அடித்தவரின் இனிஷியல். யார் வேலை என்று பின்னால் தெரிவதற்காக. பம்பாயில் கிளைக் கடிதங்களின் நகலைப் படிக்கவென்றே ஓர் அதிகாரி இருந்தார் போலிருக்கிறது. ஒரு கட்டு நகல்கள் திரும்பி வந்தன. நேற்றோடு ஒட்டியிருந்த ஒவ்வொரு ஹேவையும் சுற்றிச் சிவப்பு வட்டம். கடைசியில், சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்த என் எழுத்துகளைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். டைப்பிஸ்டின் இங்கிலீஷைக் கவனிக்கவும் என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

மானேஜர் கட்டை என் மேஜையில் வைத்தார். "பாத்தியாம்மா? எத்தனை தப்பு!"

"சார், இதெல்லாம் நீங்க சொன்னது. நான் எடுத்தேன், நீங்கதான் திரும்பப் போடச் சொன்னீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த முகத்தில் திருட்டுத்தனம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. "நான் சொல்லியிருப்பேனா? இத்தனை வருஷமா இங்கிலீஷ்லயே எழுதிண்டிருக்கேன். தப்பு வர்றது சகஜம்தான், ஆனா அடுத்தவா மேல போடக்கூடாதும்மா" என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று பிற்பகலே 'ஐ ஹேவ் டிஸ்பாட்ச்டு தி பம்ப் லாஸ்ட் வீக்' என்று இன்னொரு கடிதம் சொன்னார்.

ஆறாவது மாதம் முடியும்போது டிக்டேஷனுக்குக் கூப்பிட்டார். ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். பம்பாய்க்கு ஒரு கடிதம். 'தி டைப்பிஸ்ட் ஹேஸ் ஜாயின்டு அஸ் இன் ஜனவரி' என்று தொடங்கினார். என் பென்சில் நின்றுவிட்டது.

"என்னம்மா, வேகமாப் போறேனா?"

"இல்ல சார்."

'ஐ ஹேவ் வார்ன்டு ஹர் லாஸ்ட் மந்த் அபவுட் ஹர் இங்கிலீஷ்' என்றது அடுத்த வரி. போன மாதமே எச்சரித்தும் இங்கிலீஷ் தேறவில்லை, ஆகையால் இவரைப் பர்மனென்ட் ஆக்கச் சிபாரிசு செய்ய இயலவில்லை. ஆனால் நல்ல பெண், நேரத்துக்கு வருபவள் என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

மேஜைக்குத் திரும்பி டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினேன். திருத்தினால் திரும்ப வரும். திருத்தாவிட்டால், இங்கிலீஷ் தெரியாத டைப்பிஸ்டைப் பற்றி அவளே இங்கிலீஷ் தெரியாமல் அடித்த கடிதமாகப் போகும். கீழே ஜவுளிக்கடையில் யாரோ புடவையை விரித்து விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது சொன்னபடி, ஒரு ஹேவ் விடாமல் அடித்தேன். அடியில் அவருடைய இனிஷியலைப் போட்டேன், சாய்கோடு போட்டேன். என் எழுத்துகளைப் போடவில்லை. இது என் இங்கிலீஷ் இல்லை என்று பம்பாய்க்குச் சொல்ல எனக்கு வேறு வழி இல்லை.

விரல் வைத்துப் படித்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு விரல் கடைசிக்கு வந்து நின்றது.

"உன் இனிஷியல் போட மறந்துட்டியே."

"மறக்கல சார். போடல."

காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. "பரவால்ல, பரவால்ல. இதுக்காக மறுபடி அடிக்க வேண்டாம்" என்றார். அத்தனை மாதத்தில் ஒரு கடிதத்தை மறுபடி அடிக்க வேண்டாம் என்று அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சாய்கோட்டுக்குப் பின்னால் என் இரண்டு எழுத்துகளையும் அழகாக அவரே எழுதி, மேலே தன் கையெழுத்தையும் போட்டு, பியூனைக் கூப்பிட்டார்.

பம்பாயில் அந்தக் கடிதத்தை அப்படியே நம்பினார்கள். வரிக்கு வரி பிழை இருந்தது, அடியில் என் எழுத்து இருந்தது. அதற்கு மேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?