பதினெட்டு இஞ்சுத் தோள்

எனக்குச் சந்தேகம் கூடப் பொறந்தது. பால்காரர் சிரிச்சா பால்ல தண்ணி இருக்கும், சொந்தக்காரங்க சும்மா வந்தோம்னு சொன்னா சும்மா வந்திருக்க மாட்டாங்க. "ஒரு நாளைக்காவது ஒரு மனுசரை நம்புவியாடி?"ன்னு அம்மா தலையில அடிச்சுக்கும். ஆனா தங்கச்சிக்கு வந்த ரெண்டு சம்பந்தத்தையும் தோண்டித் துருவிக் கலைச்சது நான்தான். முதல் மாப்பிள்ளைக்கு வெலிமடையில ஏற்கனவே ஒரு பொண்டாட்டி. அடுத்தவர் காலையிலேயே சாராயத்துலதான் வாய் கொப்புளிப்பார். அதுக்கப்புறம் என் சந்தேகத்துக்கு வீட்டுல ஒரு மரியாதை வந்துச்சு. தங்கச்சிக்கு மட்டும் பயம் வந்துச்சு, பாவம். அவளுக்கும் வயசு போய்க்கிட்டிருந்துச்சே.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷம் நான் பதுளை டவுன்ல ஒரு முஸ்லிம் முதலாளியோட துணிக்கடையில ஜாக்கெட்டு தைச்சேன். வீடு ஹாலிஎலைக்கு மேல, தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையாக் கட்டின காம்பராவுல ஒண்ணு. காலையில பஸ்ல இறங்கி வந்து, கடைக்குப் பின்னால திரை போட்ட அறையில மெஷின்ல உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் அங்கதான். அதுக்கும் பின்னால முதலாளி வீடு. முதலாளியம்மா கராச்சியில பொறந்து வளர்ந்தவங்க. கல்யாணம் முடிச்சு பதுளைக்கு வந்து, கடைக்கு வர்ற சனங்ககிட்டயே தமிழ் படிச்சவங்க. ஊர் ஞாபகத்துல அழுது அழுது முதலாளியைக் கூரையில டிஷ் மாட்ட வச்சதும் அவங்கதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் உள்ள கூப்பிட்டுக்குவாங்க. அப்பதான் பாகிஸ்தான் சேனல்ல ஒரு சீமாட்டி வரும். பட்டுச் சேலை, தூக்கிக் கட்டின கொண்டை, கழுத்து நிறைய முத்து. பெரிய பெரிய ஆளுங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு, டீ ஊத்திக் கொடுத்துக்கிட்டே கேள்வி கேட்கும். அந்தக் கோப்பையில இருக்கிறது நம்ம மலைக் கொழுந்தா இருக்குமோன்னு நான் அதைத்தான் முதல்ல பார்த்தேன். ரெண்டாவதா ஜாக்கெட்டைப் பார்த்தேன்.

"இது பொம்பளை இல்லைங்க"ன்னேன்.

முதலாளியம்மா சிரிச்சுட்டாங்க. "எப்பிடித் தெரிஞ்சது?"

"தோள் பதினெட்டு இஞ்சு இருக்கும். வெட்டினவன் கெட்டிக்காரன், கழுத்தை அகலமா எறக்கி மறைச்சிருக்கான். என்கிட்ட மறைக்க முடியுமா?"

அந்தச் சீமாட்டி கேட்கிறதையெல்லாம் அவங்க எனக்குத் தமிழ்ல சொல்லுவாங்க. ஒரு நாள் ஒரு மந்திரிகிட்ட, "உங்களுக்கு எத்தனை வீடு? அதுல சம்பளத்துல கட்டினது எது?"ன்னு கண்ணைச் சிமிட்டிக்கிட்டுக் கேட்டுச்சாம். மந்திரி வழிஞ்சுக்கிட்டே பதில் சொல்றார்! எனக்கு அங்கதான் உறுத்துச்சு. பட்டாளம் ஆளுற நாடு. இதே கேள்வியைக் கோட்டுப் போட்ட ஆம்பளை கேட்டா எதிர்க்கட்சின்னு உள்ள தள்ளுவாங்க. நெசப் பொம்பளை கேட்டா அடக்கமில்லாதவன்னு காறித் துப்புவாங்க. வேஷத்துக்கு மட்டும் எப்படி விட்டுக் கொடுக்கிறாங்க? சும்மா விட மாட்டாங்களே.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கப்போ டிவியில செய்தி வாசிக்கிற பொம்பளைகூட முக்காடு இல்லாம வர ஏலாது"ன்னாங்க முதலாளியம்மா. "இப்ப பாரு, ஆம்பளை வந்து எங்க சேலையைக் கட்டி, எங்க முடியைக் காட்டுறான். வீடெல்லாம் ஒண்ணா இருந்து சிரிக்குது."

சொல்லிட்டு அவங்களும் சிரிச்சாங்க. ஆனா ஒரு விஷயம் நான் கவனிச்சு வச்சிருந்தேன். அந்த நிகழ்ச்சியில எப்பவாவது தெருவுல கைதட்டி ஆடிப் பிழைக்கிறவங்களைக் காட்டுவாங்க, ஆம்பளையாப் பொறந்து பொம்பளையா வாழுறவங்க. அப்ப மட்டும் முதலாளியம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. இந்த அம்மா எதையோ மறைக்குதுன்னு மனசுல முடிச்சுப் போட்டு வச்சேன்.

அந்தச் சமயத்துலதான் தங்கச்சிக்கு மூணாவது சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை பசறைப் பக்கத் தோட்டம். ஸ்டோருன்னு நாங்க சொல்ற தேயிலைத் தொழிற்சாலையில வேலை. குடி இல்ல, மொதத் தாரம் இல்ல. தங்கச்சி பிள்ளைக் காம்பராவுல, கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க விட்டுட்டுப் போற குழந்தைங்களைப் பார்த்துக்கிறவ. பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு அந்தாள், "இத்தனை புள்ளைங்க ஒண்ணா அழுதா எதை முதல்ல தூக்குவீங்க?"ன்னு கேட்டார். அவ, "சத்தம் போடாம அழுவுறதை"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. அடி ஆத்தீ, விழுந்துட்டாளேன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு நல்லவனா ஒருத்தன் சும்மா இருப்பானா?

அடுத்த வாரம் அதே ஆள் எங்க கடை வாசல்ல! நான் திரை இடுக்கு வழியாப் பார்க்கிறேன். நான் டவுன்ல தைக்கிறேன்னுதான் அவருக்குத் தெரியும், எந்தக் கடைன்னு தெரியாது. முதலாளிகிட்ட செவப்புப் பட்டுத் துணி எடுத்துக் கொடுத்து, அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டையும் கொடுத்தார். கையில ஜரிகை வைக்கணுமாம். யாருக்குன்னு முதலாளி கேட்டதுக்கு, "வீட்டுக்குத்தான்"னார்.

எந்த வீட்டுக்கு? அவங்க அம்மா குச்சி மாதிரி இருக்கும். கூடப் பொறந்த பொம்பளைங்க யாரும் இல்லை. பழைய ஜாக்கெட்டை விரிச்சேன். தோள் பதினெட்டு இஞ்சு. கழுத்தோரமா ரோஸ் பவுடர் அப்பிக் கிடக்கு. பாருடா கதையை! நல்லா வாட்டசாட்டமா, பவுடர் பூசிக்கிட்டு, பட்டு கேட்கிறவளா ஒருத்தியை அந்தாள் பசறையில வச்சிருக்கான்னு முடிவு பண்ணிட்டேன். தினமும் டிவியில தோளைப் பார்த்து ஆம்பளைன்னு சொன்னவதான் நான். ஆனா அதெல்லாம் கராச்சியில நடக்கிறது. நம்ம பசறையில எவன் கட்டுவான்?

தைச்சுக் கொடுத்தேன். வேணும்னே நல்லாத் தைச்சேன். அதைப் போட்டுக்கிட்டு எவ வர்றாளோ அவதான் ஆளு. ஞாயித்துக்கிழமை, கூட்டாளியைப் பார்க்கப் போறேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு பசறை பஸ் ஏறினேன்.

தோட்டத்துக்குள்ள நடக்கிறப்பவே தப்பு மேளச் சத்தம். மாசி மாசம், காமன் கூத்து. எங்க தோட்டத்துல அது நின்னு ரொம்ப வருஷம், எனக்கு ஞாபகமே வரலை. சிவன் மன்மதனை எரிக்கிறதுக்கு முந்தி மன்மதனும் அவன் பொண்டாட்டி ரதியும் லயம் லயமாப் போய் வாசல்ல ஆடுவாங்க, பொம்பளைங்க காலுக்குத் தண்ணி ஊத்துவாங்க. கூட்டத்துல நானும் நின்னேன். ரதி திரும்பினா, என் செவப்புப் பட்டு! என் ஜரிகை! அதுக்கு மேல ரோஸ் பவுடர் பூசின மாப்பிள்ளையோட மூஞ்சி.

எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. இதுக்கு ஒரு பொம்பளையே இருந்திருக்கலாமேன்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சு. பொம்பளைன்னா சண்டை போட்டு விரட்டலாம். இதை என்ன செய்யறது?

கூட்டம் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போச்சு. கொழுந்து நிறுக்கிறவர் அவர். ரதி இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "ஐயா, என் புருஷனைச் சிவன் எரிக்கப் போறாரு, அது எனக்குத் தெரியும். நிறுக்கிறப்ப எங்க கொழுந்துல கிலோக் கணக்கா எரிக்கிறாரே, அது எந்தச் சாமி?"ன்னுச்சு. பொம்பளைங்க குலவை போடாத குறை. கணக்கப்பிள்ளைக்கு மூஞ்சி செத்துப் போச்சு, ஆனா அவரும் பல்லைக் காட்டிக்கிட்டுத் தட்டுல காசு போட்டார். ரதியாச்சே, கோவிக்க முடியுமா? வேட்டியோட வந்து கேட்டிருந்தா மறுநாள் வேலை இருக்காது. நான் தினமும் மத்தியானம் பார்க்கிற அதே சீமாட்டியை அங்க பார்த்தேன்.

வீட்டுல வந்து சொன்னதும் தாய்மாமன் குதிச்சார். தோட்டத்துல அவர் யூனியன் தலைவர், அவர் வார்த்தைதான் எங்க வீட்டுக்கும் சட்டம். "பொம்பளை வேஷம் கட்டுறவனுக்கா பொண்ணு? நாளைக்கு ஊர் சிரிக்காது?" தங்கச்சி மூலையில உட்கார்ந்து என்னை மட்டும் பார்த்துக் கேட்டா, "நீ போய்ப் பார்த்தியே, நல்லா ஆடினாராக்கா?"

ஒரு வாரம் கழிச்சு மாமா கடைக்கே வந்துட்டார், சம்பந்தம் வேணாம்னு ஆள் அனுப்பப் போறேன்னு எனக்குச் சொல்றதுக்கு. மத்தியான நேரம். முதலாளியம்மா மரியாதைக்கு உள்ள கூப்பிட்டு டீ கொடுத்தாங்க. டிவியில சீமாட்டி ஒரு வயசான அரசியல்வாதியைக் கன்னத்துல கிள்ளிட்டு ஏதோ கேட்குது. அவங்க அதைத் தமிழ்ல சொன்னதும் மாமா சிரிச்ச சிரிப்பு இருக்கே! கண்ணுல தண்ணி. "ஆம்பளையா இது? என்னா கெட்டித்தனம் பாரேன்!" அதே வாயால எழுந்து போறப்ப, "நாளைக்கு ஆள் அனுப்பிடுறேன்"னார்.

மாமா போனதுக்கப்புறம் முதலாளியம்மா டிவியை நிறுத்திட்டாங்க. ரதி கதையை நான் முந்தியே அவங்ககிட்டச் சொல்லியிருந்தேன்.

"எங்க வாப்பாவும் இப்பிடித்தான் சிரிப்பாரு"ன்னாங்க. "டிவியில சேலை கட்டின ஆம்பளை வந்தா வீட்டையே கூப்பிடுவாரு. என் தம்பி என்ட துப்பட்டாவைப் போட்டுக் கண்ணாடி பார்த்தான். அதே வாப்பா பெல்ட்டால அடிச்சாரு. பதினஞ்சு வயசுல வீட்டை விட்டுப் போனவன். ஒரு தடவை பின் கதவுக்கு வந்தான், எங்கட உம்மா சோறு கொடுத்தா. முன் கதவால வர விடல்ல. தெருவுல ஆடுறவங்களக் காட்டுறப்போ நான் எழும்பிப் போறது ஏன்னு நீ பார்த்துக்கிட்டே இருந்தாய்தானே? அவன் முகம் வந்துரும்னு பயம்."

"அது வேறங்க. இவர் சாமிக்குக் கட்டுறவர். உங்க தம்பி..."

"வேறதான். அடிக்கிற கை ஒண்ணுதானே?"

ஆனாலும் என் புத்தி எங்க போகும்? மாமாவைக் கெஞ்சி ரெண்டு நாள் தவணை வாங்கிக்கிட்டு, மாப்பிள்ளையைக் கடைக்கு வரச் சொன்னேன். "இனிமே வேஷம் கட்ட மாட்டேன்னு மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன். அப்புறம் கட்டுறதும் கட்டாததும் உங்க பாடு"ன்னேன்.

அவர் ஒத்துக்கலை. "மூணு வருஷம் கட்டுறேன்னு நேர்த்திக்கடன். அம்மா சாகக் கிடந்தப்ப வச்சது. இன்னும் ஒரு வருஷம் பாக்கி. பொண்ணுக்காகச் சாமிகிட்டப் பொய் சொல்றவன், நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்ல மாட்டானா? நீங்க சந்தேகப்படுறவங்களாமே. யோசிச்சுப் பாருங்க."

என் ஆயுதத்தையே எடுத்து என்னை அடிச்சுட்டான் மனுசன்!

அன்னைக்குச் சாயங்காலம் நேரா மாமா வீட்டுக்குப் போனேன். "டிவியைப் பார்த்துக் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சீங்களே மாமா. நம்ம வீட்டு வாசலுக்கு வந்தா மட்டும் கசக்குதா?"

"அது டிவிடீ!"

"இது சாமி மாமா. எது பெருசு?"

அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார். ஆள் மட்டும் அனுப்பலை. ஆவணியில கல்யாணம். மாமா வந்தார், மொய் எழுதினார், முறைச்சுக்கிட்டே ரெண்டு தடவை பாயாசம் வாங்கிக் குடிச்சார். நான் அதுக்கப்புறமும் மாப்பிள்ளை சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இதுவரைக்கும் ஒண்ணும் சிக்கலை.

மறு வருஷம் மாசியில, கடைசி நேர்த்திக்கு அவரும் தங்கச்சியும் சேர்ந்தே கடைக்கு வந்தாங்க. பழைய ஜாக்கெட்டு பத்தலையாம், தங்கச்சி கைச் சமையல். இந்தத் தடவை அளவு ஜாக்கெட்டு இல்லை. தங்கச்சி டேப்பைப் பிடிச்சு அளவு சொல்ல, நான் வெட்டினேன். முதலாளியம்மா உள்ள போய் ஒரு பச்சைத் துப்பட்டாவோட வந்தாங்க. "ரதி தலையில போடட்டும்"னாங்க. ஒரு ஓரத்துல யாரோ பிடிச்சு இழுத்துக் கிழிச்ச கிழிசல். அதைத் தைச்சிருந்த தையல் பழசு. யாருடையதுன்னு நான் கேட்கலை.

கூத்தன்னைக்கு அவங்களும் எங்களோட பசறை பஸ்ல வந்தாங்க. தப்புச் சத்தத்தோட ரதி எங்க பக்கம் வந்தப்ப, பச்சைத் துப்பட்டா நெத்தி வரைக்கும் கிடந்துச்சு. முதலாளியம்மா தட்டுல காசைப் போட்டுட்டு, ரதி கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அவங்க பாஷையில ஏதோ சொன்னாங்க. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் விளங்கலை, ஆனா தலையைக் குனிஞ்சு கொடுத்துக்கிட்டு அப்படியே நின்னார்.

பஸ்ல திரும்பி வர்றப்ப என்னால அடக்க முடியலை. என்னங்க சொன்னீங்கன்னு கேட்டுட்டேன்.

"முன் கதவு திறந்திருக்கு, வீட்டுக்கு வான்னு சொன்னேன்"னாங்க.